தோப்புக்குள் ஓடிய ஆறு சக்கர வண்டி

அந்த வண்டி முதன்முதலாக ரோட்டில் இறங்கிய அன்று நான் அதற்குள் இல்லை. அலங்காநல்லூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே, செல்போன் கடை நிழலில், ஊர்க்காரர்களோடு ஒருவனாக நின்று வேடிக்கை பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "எம்புட்டுச் சக்கரம்யா இதுக்கு!" என்று வாயைப் பிளந்தார்.

"ஆறு," என்றேன்.

"இப்பத்தானே வருது, எண்ணிட்டீகளா அதுக்குள்ள?"

அந்த வண்டியின் கூரையை வார்த்தவன் நான். அதன் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் சேர்த்தால் சில வருஷம் வரும். அதை அந்த இடத்தில், நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்துகொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரிடம் எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

செல்லூரில் எனக்கு ஒரு சின்ன ஃபைபர் பட்டறை இருக்கிறது. தண்ணித் தொட்டி, ஆட்டோவுக்கு மேல்கூடு, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம், துணிக்கடை பொம்மை என்று யார் எதைக் கேட்டாலும் அச்சு எடுத்து வார்த்துக் கொடுப்பேன். அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தவர். அவர் பிறந்த ஊரில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம். எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் அவர். அது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செல்லூருக்கு வந்தார். செல்லூர்ச் சந்துகளில் யாரும் யாரையும் நிறுத்தி, எந்தத் தெரு என்று கேட்பதில்லை. தறிச் சத்தத்தில் கேட்டாலும் காதில் விழாது. அதனால் எனக்கு அந்த விஷயங்கள் தெரியாமலே போய்விட்டன. தெரியாமல் வளர்ந்ததை ஒரு கொடுப்பினை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் நண்பன் பாலிடெக்னிக்கில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அலங்காநல்லூர் பக்கம் பல தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். ஒரே மகன், அவனுக்கு மூத்தவளாக ஒரு அக்கா. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதைப் பிரித்துப் போடாமல் அவனுக்குக் கை அடங்காது. வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, "என்ன மாப்ள, சாப்டியா?" என்று தோளில் கை போட்டான்.

மதுரையில் மாப்ள என்று கூப்பிடுவது பெரிய விஷயமில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரும் மாப்ளதான், பஸ்ஸில் காலை மிதித்தவனும் மாப்ளதான். ஆனாலும் அந்த வார்த்தைக்குள் ஓர் உறவு உட்கார்ந்திருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீட்டு ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தபிறகும் அவன் என்னை அப்படியே கூப்பிட்டான். எனக்குக் கல்யாணம் ஆனதும் என் மனைவியைத் தங்கச்சி என்றான். அவள் அயிரை மீன் குழம்பு வைக்கிற அன்று மோப்பம் பிடித்தமாதிரி வந்து நிற்பான். "தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நீட்டுவான். அதில் நடிப்பு ஒன்றும் கிடையாது. இப்போது யோசித்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை. தோப்புக்குத்தான் போவேன். ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையை ஒட்டி அவர்களுடைய தென்னந்தோப்பு. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். அது வசதிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை போன் பண்ணினான். "மாப்ள, கொடைக்கானல்ல நிக்கிறேன். ஒரு அதிசயம் பாத்தேன். ஒடனே கெளம்பி வா."

அங்கே ஒரு பழைய பங்களாவில் ஆங்கிலேயர் ஒருவர் வெகுகாலம் இருந்து இறந்துபோயிருந்தார். அந்தத் தோட்டத்து யூக்கலிப்டஸ் மரங்களை என் நண்பனின் அப்பா விலை பேசியிருந்தார். மரத்தைப் பார்க்கப் போன இவன் பின்னாலிருந்த கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறான். உள்ளே ஒரு வண்டியின் எலும்புக்கூடு. சுற்றிலும் மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் கதவு, கம்பி, ரப்பர், கண்ணாடி.

ஆங்கிலேயர் நாட்டில் சில சின்னக் கம்பெனிகள் காரை முழுசாகச் செய்து விற்பதில்லை. சட்டத்தையும் மேல் தகடுகளையும் பிரித்தபடியே கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் ஒரு பழைய காரை உடைத்து, அதன் எஞ்சினையும் சக்கரங்களையும் எடுத்து, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். இது அப்படிப்பட்டது. அதிலும் ஆறு சக்கர ரகம். முன்னால் இரண்டு, பின்னால் அடுத்தடுத்து இரண்டு ஜோடி. அந்த மாதிரி மொத்தமே கொஞ்சம்தான் செய்திருக்கிறார்கள் என்று பின்னால் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டோம். கிழவர் கப்பலில் வரவழைத்துப் பாதி பூட்டியிருந்தார். மீதிக்கு ஆயுசு போதவில்லை.

கார் என்றால் நமக்கு ஒரு வடிவம் மனசில் இருக்கும் அல்லவா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வளைவு நெளிவே கிடையாது. இடுப்புக்கு மேலே நாலு பக்கமும் கண்ணாடி. கதவும் கண்ணாடிதான், அலமாரிக் கதவுபோலப் பக்கவாட்டில் நகரும். மிட்டாய்க் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு ஆறு சக்கரம் வைத்தமாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இத நாம ஓட்டிருவோமாடா?" என்றான்.

"ஓட்டிருவோம்," என்றேன்.

மரத்தோடு சேர்த்து அதற்கும் அவன் ஒரு விலை கொடுத்தான்; மரம் ஏற்றிய லாரியிலேயே அதையும் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். மலை இறங்கும்போது குலுக்கலில் கண்ணாடிகளில் பாதி நொறுங்கிவிட்டது. கூரை விரிசல் விட்டது. தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தேங்காய் போட்டுவைக்கிற கொட்டகையைக் காலி பண்ணி, உள்ளே தள்ளினோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் இதற்கு நம்பர் வாங்க முடியாது என்று எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தோப்புக்குள் ஓடினால் போதும் என்று பேசிக்கொண்டோம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நம் ஊர்ச் சின்னக் கார் ஒன்றின் எஞ்சினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்து, அவன் அதற்கு இருப்பிடம் செய்தான். அந்த அளவு டயர் எங்கேயும் அகப்படாததால், குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்னச் சரக்கு வண்டியின் சக்கரங்களை மாட்டினோம். கடைசல் வேலை, வெல்டிங் எல்லாம் அவன் பொறுப்பு. கூரை, பக்கத் தகடு, முன்மூக்கு எல்லாம் என்னுடையது. உடைந்த கூரையை ஒட்டவைத்து அதன்மேல் அச்சு எடுத்து, புதிதாக வார்த்தேன். உடைந்த கண்ணாடிகளுக்குப் பதில் சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் அளவு கொடுத்து வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் பஸ் ஏறிவிடுவேன். என் மனைவி கட்டிக்கொடுக்கிற புளிச்சோற்றை இரண்டு பேரும் வாழையிலையில் கொட்டி ஒன்றாகச் சாப்பிடுவோம்.

"என்னைக்காவது இத ரோட்டுல எறக்குனா, நீயும் நானுந்தான் மாப்ள முன்னாடி உக்காந்து போறோம். வேற ஒருத்தனையும் ஏத்த மாட்டேன்," என்பான். நான் கேட்டு அவன் சொன்னதில்லை. அவனாகத்தான் சொல்வான், அடிக்கடி சொல்வான்.

வண்டி நகர ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வந்தது. எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் இழுக்கும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது நடுச்சக்கரங்கள் மேட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது முன்பக்கம் லேசாகிச் சக்கரம் வெறுமனே சுற்றும். சமதளத்தில் ஓடும், மேட்டில் நின்றுவிடும். ஸ்பிரிங்கை மாற்றினோம், காற்றைக் குறைத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் பிறந்தாள். மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். உள்ளங்கை அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மனைவி ஒரு வார்டில், குழந்தை வேறு ஒரு இடத்தில். நான் நடுவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாராவது வெளியே வந்து என் பெயரைச் சொன்னால் செருப்பை விட்டுவிட்டு ஓடுவேன். என் நண்பன் தினமும் வந்தான். இட்லி வாங்கி வந்து, "தின்னுடா, நீ படுத்துட்டா யாரு பாக்கறது" என்று மிரட்டித் தின்னவைத்தான். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் நான் மட்டும் இருந்தேன். சாப்பாடு கொண்டுபோகிற தள்ளுவண்டி ஒன்று வந்தது. நீளமான வண்டி, நாலுக்கு மேல் சக்கரம். வார்டு வாசலில் சின்ன மேடு. வண்டி அதில் ஏறும்போது அடியில் ஒரு பட்டை தராசுபோல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. எல்லாச் சக்கரமும் தரையிலேயே இருந்தது. சாம்பார் வாளி அசையவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிழைப்பாளா என்று தெரியாத நேரத்தில் இதை நினைக்கிறோமே என்று என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேறு எதையாவது நினைத்தால்தான் அங்கே உட்கார முடிந்தது. அவன் வந்ததும் சொன்னேன். "பின்னாடி ரெண்டு ஜோடியையும் தனித்தனியா விடாத மாப்ள. நடுவுல ஒரு பட்டை போட்டுக் கோத்துரு. தராசு மாதிரி. ஒண்ணு ஏறுனா ஒண்ணு எறங்கும்." அவன் என்னையே பார்த்தான். பிறகு அழுதுவிட்டான். "இந்த நேரத்துல உனக்கு எப்படிடா இது தோணுது" என்று கேட்டான்.

மகள் பிழைத்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அவன் அந்தப் பட்டையைச் செய்து மாட்டிவிட்டான். நான் தோப்புக்குப் போன ஞாயிறு அன்று வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி, மறுபக்கம் இறங்கி, தென்னை மரங்களுக்கு நடுவே ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தில் தேங்காய் பறிக்க வந்தவர்கள் பயந்துபோய் மரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, அதில் தென்னங்கீற்றும் வானமும் ஓடுகின்றன. அந்த நாளைப் போல ஒரு நாள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அதன்பின் சில மாதம் பட்டறையில் வேலை நெருக்கடி. போக முடியவில்லை. ஒரு காலையில் மனைவி தன் போனை நீட்டி, "இது ஒங்க வண்டிதானே?" என்றாள். அவன் வைத்திருந்த வாட்ஸப் ஸ்டேட்டஸ். வண்டி முழுக்கச் சாமந்திப் பூ. அன்றைக்கு அவன் அக்கா பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்று மண்டபத்தின் பெயரோடு போட்டிருந்தான். இவன் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் கொண்டுவருவது எப்படிப்பட்ட கூத்து என்று சொல்லத் தேவையில்லை. மாட்டு வண்டியில் வருவார்கள், டிராக்டரில் வருவார்கள், குதிரையில் வருவார்கள். இவன் ஆறு சக்கரத்தில் வருகிறான்.

"ஒங்களக் கூப்பிடலையா?" என்றாள்.

"மறந்திருப்பான்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். மெயின் ரோட்டில் இறங்கி மண்டபத்துக்குப் போகும்போது வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். 'ஆறு சக்கரம் கண்ட எங்கள் தாய்மாமன்' என்று அவன் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறான். பின்னால் வண்டி. அந்தப் படத்தை எடுத்தது நான். அதில் அவனுக்குப் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன், டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய். என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் தோளில் ஒரு நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

செல்போன் கடை நிழலில் நான் நின்றதை முதலில் சொன்னேன் அல்லவா, அது இப்போதுதான். வண்டி வந்தது. அவன் ஓட்டினான். பக்கத்தில் அவன் அப்பா பட்டு வேட்டியில். பின்னால் கண்ணாடிக்குள் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. இளவட்டங்கள் முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். மண்டப வாசலில் அவன் இறங்கியதும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "மாப்ள!" என்றேன்.

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். பார்த்த அந்தக் கணம் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். உடனே அது போய்விட்டது. சுற்றி அவன் மாமன்மார், பங்காளிகள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்ளயா? யாருப்பா இது?" என்றார்.

அவன் என்னிடம், "வாங்கண்ணே," என்றான்.

பாலிடெக்னிக் நாளிலிருந்து என்னை வாடா போடா என்றவன். அப்பாவிடம் திரும்பி, "நம்ம வண்டிக்கு ஃபைபர் வேலைக்கு வந்தாருல்லப்பா, செல்லூர்லருந்து, அவருதான்" என்றான். அவர், "அப்படியா, சாப்ட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. நான் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு வருசத்துல அவக ஊர்க்காரக யாராச்சும் இருக்கும்போது ஒங்கள மாப்ளன்னு கூப்ட்டிருக்காரா?"

யோசித்துப் பார்த்தேன். பாலிடெக்னிக், செல்லூர், ஆஸ்பத்திரி, கொடைக்கானல், தோப்பு. தேங்காய் பறிக்க ஆட்கள் வந்தால் தோப்பில்கூட அவன் என்னை "இங்க வா", "அத எடு" என்று மொட்டையாகத்தான் கூப்பிடுவான். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தான். நான் தொட்டி ஒன்றுக்கு ரெசின் பசை தடவிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அவன் ஒரு காலிப் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

"கோவமா மாப்ள?"

"யாரு மாப்ள? இங்க அண்ணேன்னு ஒருத்தன்தான் இருக்கான்."

"அங்க வச்சு எப்படிடா சொல்றது? அப்பா நிக்கிறாரு, மாமன்மாரு அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. ஒனக்குத் தெரியாததா? நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

"என்ன புரிஞ்சுக்கணும்?"

அவன் தலையைக் குனிந்து ரெசின் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, "யூட்யூப்காரங்க வாராங்க அடுத்த வாரம். வண்டியப் பத்திப் பேட்டி. நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து நிப்போம். யாரு என்ன செஞ்சான்னு கேமரா முன்னாடி நானே சொல்றேன். போதுமா?" என்றான். கண் கலங்கியிருந்தது. மனைவி வேண்டாம் என்றாள். எனக்கு அவன் தரையில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. போனேன். இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

தோப்பில் கேமராவோடு இரண்டு இளைஞர்கள். அவன் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எங்கள் இருவரையும் வண்டிக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். பேட்டி எடுத்த இளைஞன் ரொம்ப மரியாதையான பிள்ளை. "அண்ணே, இந்த ஐடியா எல்லாம் எப்படிண்ணே ஒங்களுக்கு வந்துச்சு?" என்று அவனைக் கேட்டான்.

அவன் கொடைக்கானலைச் சொன்னான். எஞ்சின் மாற்றியதைச் சொன்னான். "பாத்தேன்", "செஞ்சேன்", "முடிச்சேன்" என்றே போனது பேச்சு. இதோ இப்போது என் பக்கம் திரும்புவான் என்று நான் காத்திருந்தேன். பின்சக்கரத்துப் பட்டையைக் கேமராவுக்குக் காட்டினார்கள்.

"இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு தம்பி," என்றான். "ஆஸ்பத்திரில ஒரு பச்சப்புள்ளைக்காகத் தாழ்வாரத்துல உக்காந்திருந்தேன். பொழைக்குமான்னு தெரியல. அப்ப ஒரு தள்ளுவண்டி போச்சு. மேட்டுல ஏறும்போது அதோட சக்கரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த நேரத்துல தோணுச்சு."

பேட்டி எடுத்தவனுக்குக் கண் விரிந்தது. "செமண்ணே!" என்றான். "பக்கத்துல நிக்கிற அண்ணன் யாரு?"

"அண்ணன் ஃபைபர் வேலைல ஒத்தாசையா இருந்தாரு."

அவன் சொன்னதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை. அவனும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு பச்சைப்பிள்ளைக்காகத்தான் உட்கார்ந்திருந்தான். அந்தத் தள்ளுவண்டி போனபோது மட்டும் அவன் அங்கே இல்லை. கூரையை எடுத்துக்கொள்ளட்டும், பெயரை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பகலை, வேறு யாரிடமும் நான் சொல்லாத ஒன்றை, அவன் எடுத்து வைத்துக்கொண்டு கைதட்டல் வாங்குகிறான்.

"அது எம்புள்ள," என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "ஆஸ்பத்திரில கெடந்தது எம்புள்ள. தள்ளுவண்டியப் பாத்தது நானு. இவன்கிட்ட நாந்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

பேட்டி எடுத்தவன் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவனை மட்டும்தான் பார்த்தேன். அவன் வாய் லேசாகத் திறந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் தன் அப்பாவைப் பார்த்தான்.

அவர் நாற்காலியிலிருந்து எழாமலே, "தம்பி, கேமராவ நிறுத்துப்பா. வேலைக்கு வந்த எடத்துல ஏதோ மனத்தாங்கல். நாம பேசிக்கலாம்" என்றார். கேமரா நின்றது.

என் நண்பன் மெதுவாக, "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க, பேசுவோம்" என்றான்.

"பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். கால்வாய்க் கரையோடு நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். அவன் பின்னால் வருவான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வரவில்லை.

வீடியோ வெளிவந்தது. நான் அதில் எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரிக் கதை இருந்தது, அடியில் சோகமான இசை போட்டிருந்தார்கள். என் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரே அதை என்னிடம் காட்டி, "நம்ம மதுரக்காரரு எப்படிச் சாதிச்சிருக்காரு பாத்தீகளா?" என்றார். பார்த்தேன் என்றேன். கீழே எழுதியிருந்தவர்களில் ஒருவர் அந்தக் குழந்தை என்ன ஆனது என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் போடவில்லை. நல்லா இருக்கா, நடை பழகுறா என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.

அவன் பிறகு பலமுறை போன் பண்ணினான். ஒருமுறை எடுத்தேன். "மாப்ள, தங்கச்சி எப்படி இருக்கு? பாப்பா எப்படி இருக்கா?" என்றான். குரலில் பழைய அக்கறை அப்படியே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெறுத்துவிட்டான் என்றாலாவது ஒரு கணக்கு முடிந்துவிடும். இவன் என்னை வெறுக்கவே இல்லை. யாரும் இல்லாத இடத்தில் இன்றைக்கும் நான் அவனுக்கு மாப்ளதான். "நல்லா இருக்காக," என்று வைத்துவிட்டேன். அதோடு நின்றது. அவன் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகை போனில் வந்தது. நாங்கள் போகவில்லை. என் மனைவி மட்டும், "தங்கச்சின்னு கூப்ட்ட மனுசன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

வண்டியை நத்தம் ரோட்டில் ஒரு ஓட்டலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஒரு தொட்டி மாட்டப் போனபோது கண்டேன். மஞ்சள் பெயின்ட் அடித்து, வாசலில் புல்தரையில் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதற்கு. மழை பெய்துகொண்டிருந்ததால் யாரும் இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன். கூரையும் கண்ணாடிச் சட்டமும் சேர்கிற இடத்தில் வைத்த பூச்சு விட்டுப்போய், உள்ளே சீட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. என் பையில் அந்தப் பூச்சு டியூபும் இருந்தது. வாட்ச்மேன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "சார், போட்டோ எடுக்கணுமா?" என்றார்.

"இல்லண்ணே, சும்மாதான் பாத்தேன்," என்றேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.